ராஜமணி சுற்றிய வேகம்

இருளம்மாளின் இடது காலில் பருத்தி வண்டி ஏறிய அன்றைக்கே, முதல் கரகம் இனி எனக்குத்தான் என்று எங்கள் செட்டில் எல்லாரும் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் சுருளியாண்டி அண்ணனுக்கு ஒரு மாசம் ஆனது. எனக்கு அதில் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்ல நான் என்ன சாமியாரிணியா?

எங்கள் செட்டு கம்பத்துச் செட்டு. நாயனம் சுருளியாண்டி அண்ணன். செட்டுக்குத் தலைவரும் அவர்தான். தவில் சின்னக்கருப்பு, இருளம்மாளின் புருஷன். தலையில் கரகம் வைத்து ஆடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பெண்கள். முதல் கரகம் இருளம்மாள், இரண்டாம் கரகம் கருத்தம்மாளாகிய நான். இரண்டாம் கரகம் என்றால், முதல் கரகம் மூச்சு வாங்கும்போது ஆடுவது. அவள் மூச்சே வாங்கமாட்டாள். பாவிமகள் அப்படித் துள்ளுவாள். தலையில் செம்பு, செம்புக்கு மேல் பூக்கூம்பு, கூம்பின் உச்சியில் நெட்டியில் செய்த கிளி. அவள் இடுப்பு உயரம் எம்பிக் குதித்தாலும் அந்தக் கிளி கழுத்தைத் திருப்பாது.

பங்குனியில் சுருளிப்பட்டி அம்மனுக்குப் பொங்கல். அம்மனின் பூங்கரகம் ஆற்றிலிருந்து கோயிலுக்கு வந்து சேர்கிற வரைக்கும் கூட்டம் கலையாமல் வாசலில் நிற்கவேண்டும். அம்மன் வரும்போது சனங்கள் வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் சிதறிக் கிடந்தால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது என்பார்கள். அதனால் வாசலில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு எங்களை இறக்குவார்கள். வட்டத்துக்குள் முதலில் கால் வைக்கிறவள் முதல் கரகம். கூட்டத்தைப் பிடித்து நிறுத்திவிட்டால் அவள் கழுத்தில் அம்மனின் மாலை விழும். அந்த மாலை யார் கழுத்தில் விழுகிறதோ, அவளைத்தான் வருஷம் முழுக்க ஓடைப்பட்டியிலிருந்து பெரியகுளம் வரை எல்லா ஊரும் கேட்கும். ஒரு வருஷம் விட்டவள் மறுபடி அதை வாங்கியதாக எனக்குத் தெரிந்து இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் சுருளியாண்டி அண்ணன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இருளம்மாள் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால் பாதம் கோணலாகத்தான் கூடியிருந்தது.

“சுருளிப்பட்டிக்கு இந்த வருசம் கருத்தம்மா முதல்ல எறங்கட்டும். நொண்டுற காலோட ஒன்னைய எறக்குனா செட்டே நொண்டும். நீ வீட்டுல இருந்து காலப் பாத்துக்க ஆத்தா” என்றார்.

“பங்குனிக்கு இன்னும் நாள் கெடக்குண்ணே. நான் ஆடுவேன்.”

“என்னத்த வச்சு ஆடுவ? காலு?”

“அது தெரியல. ஆடுவேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு வந்ததை ஒருத்தி இப்படிப் பிடித்து இழுத்தால் யாருக்குத்தான் வராது? அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

தீபாவளி கழிந்து தேனியில் ஒரு படக் கொட்டகை வந்து இறங்கியது. ரயில் வந்த பிறகு தேனிக்கு இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பேசாத படம். பக்கத்தில் ஒரு ஆர்மோனியக்காரர் உட்கார்ந்து கதைக்குத் தக்கபடி வாசிக்கவேண்டும். அந்த ஆள் காய்ச்சலில் படுத்துவிட, கொட்டகைக்காரர்கள் எங்கள் செட்டைக் கூப்பிட்டார்கள். திரைக்குக் கீழே நாயனமும் தவிலும். இருளம்மாளும் சும்மா இருக்க முடியாமல் புருஷனோடு வண்டியேறினாள். நானும் ஏறினேன். படத்தை ஓசியில் பார்க்கிறது என்றால் விடுவேனா?

மிஷினைச் சுற்றுகிறவன் போடிக்காரன் ராஜமணி. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன், ஒல்லி. ஒரு கையால் விளக்கைச் சரிசெய்துகொண்டு மறு கையால் கைப்பிடியைச் சுற்றுவான். அவன் சுற்றினால்தான் திரையில் ஆட்கள் நடப்பார்கள்.

படம் ஏதோ சுல்தான் கதை. குதிரை, கத்தி, அழுகிற ராணி. நடுவில் அரண்மனையில் ஒருத்தி வந்து நின்றாள். மார்புக்கு ஒரு துணி, இடுப்புக்குக் கீழே ஒரு துணி, இடையில் ஒன்றுமில்லை. கூட்டம் விசிலடித்துக் கூரையைக் கிழித்தது. நானும் முதலில் அந்த ஒன்றுமில்லாததைத்தான் வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு அவள் வயிறு ஆட ஆரம்பித்தது. ஆள் நின்ற இடத்தில் நிற்கிறாள், வயிறு மட்டும் தனியாக உருண்டு, எழும்பி, நடுங்கி, என்னென்னவோ செய்கிறது. அத்தனை வேகம். சின்னக்கருப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து அடித்து அடித்து விரல் வீங்கிப்போனார்.

இருளம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

“காலு அசையலக்கா.”

“எது?”

“அவ காலு. பாரு. நின்ன எடத்துலயே நிக்கிது.”

கொட்டகை தேனியில் இருந்த வரைக்கும் அவள் ஒரு ஆட்டம் விடவில்லை. சுல்தான் வரும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அந்த ஆட்டக்காரி வரும்போது மட்டும் திறப்பாள். கொட்டகையைப் பிரித்துக்கொண்டு ராஜமணி போன மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றாள்.

“யக்கா, ஆத்துக்கு வா.”

“எதுக்கு?”

“என் வகுறு எனக்குத் தெரிய மாட்டேங்குது. குனிஞ்சு பாத்தா கரகம் விழுந்துரும். நீ ஆடு, நான் பாத்துப் படிச்சுக்கிறேன்.”

நியாயத்தைப் பாருங்கள். என்னிடமிருந்து பிடுங்கப்போகிற இடத்துக்கு என்னையே கண்ணாடியாக நிற்கச் சொல்கிறாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வயிறு எப்படி அப்படிப் போகிறது என்று எனக்கும் தூக்கம் வராமல் இருந்தது. தவிர, பத்து நாளில் இவளே சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்று ஒரு கணக்கு.

முல்லையாற்றங்கரையில் வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் மணல் மேடு உண்டு. தினமும் விடிந்ததும் அங்கன போவோம். தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக நிற்போம். தலையும் தோளும் அசையாமல் நிற்பது எங்களுக்குப் பிறவிப் பழக்கம், அது ஒரு நல்லதாகப் போயிற்று. தோள் கொஞ்சம் ஆடினாலும் கிளி காட்டிக்கொடுத்துவிடும். மற்றதெல்லாம் கஷ்டம். எங்கள் ஆட்டத்தில் எல்லா வேலையும் காலுக்குத்தான். வயிறு சோறு போடுகிற இடம், அவ்வளவுதான். அதற்குத் தனியாக வேலை கொடுத்ததே இல்லை.

“மூச்ச மேல இழு. இப்ப கீழ விடு. விடும்போது உள்ளுக்குள்ள ஒரு உருட்டு உருட்டு, மாவு பெசையிற கணக்கா.”

“மூணு பெத்த வகுறுடி இது. எம் புருசன் சொன்னாலே கேக்காது, நீ சொல்லியா கேக்கப்போகுது?”

“கேக்க வைப்போம்.”

உள்ளங்கையை என் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டு எங்கே சிக்குகிறது என்று பார்ப்பாள். “எலும்பு போகுதுக்கா, சதை போகல. முழங்கால இளக்கு.” நான் இளக்குவேன். “அந்தா, இப்ப போகுது. அப்படியே இரு.” நான் அப்படியே இருக்க, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே தன் வயிற்றில் அதைச் செய்வாள். எனக்குச் சிரிப்பு வந்தால் கிளி தலையாட்டும். “கிளி சிரிக்கிது” என்று அதட்டுவாள். பத்து நாள் போனது, மாசமும் போனது, அவள் சலிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு நின்றுபோனது. என்னை அறியாமல் சோறு பொங்கும்போதுகூட வயிற்றை உருட்டிக்கொண்டு நின்றேன்.

உருட்டல் வந்துவிட்டது. வேகம்தான் வரவில்லை. சின்னக்கருப்பு தவிலைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் உட்காருவார். அவர் அடிக்கிற அடிக்கு எங்கள் வயிறு பாதி தூரம்கூடப் போகாது.

“கொஞ்சம் மெதுவா அடிய்யா” என்பாள் இருளம்மாள்.

“படத்துல அவ இந்த வேகத்துலதான் ஆடுனா. நான் பாத்துப் பாத்து அடிச்சவன். கொறச்சா அது வேற ஆட்டம்.”

அதற்குமேல் அவள் கேட்கமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நிற்பாள். விலாவில் பிடித்துக்கொண்டு மணலில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட்டது நிற்காமல் வாந்தி எடுத்திருக்கிறாள். “அவளும் பொம்பளதான, நானும் பொம்பளதான. அவளுக்கு வர்றது எனக்கு ஏன் வரல?” என்று ஒரு நாள் அழுதாள். அழுதுமுடித்து, முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி கரகத்தைத் தூக்கினாள். என்னால் ஆகாதம்மா என்று நான் வேகத்தை விட்டுவிட்டேன். மெதுவாக உருட்டிக்கொண்டு கண்ணாடி வேலையை மட்டும் பார்த்தேன்.

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு காலையில் அவள் வயிறு சின்னக்கருப்பின் தவிலைப் பிடித்துவிட்டது. நானே பார்த்தேன். அவருடைய விரல் எங்கே விழுந்ததோ அங்கே அவள் வயிறும் விழுந்தது. மேலே கிளி பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு போச்சுடி உன் மாலை என்று உள்ளே ஒருத்தி ஒப்பாரியும் வைத்தாள். இரண்டும் நிஜம்.

ஆனால் ஒரு இடைஞ்சல். பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரிகிறது. சேலையும் ரவிக்கையும் போட்டு, கூட்டத்தின் நடுவில் நின்றால் நாலு வரிசை தள்ளி நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? படத்துக்காரி மாதிரி துணியில்லாமல் நின்றால் ஊரே கல்லெடுக்கும். இருளம்மாள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலில் கட்டுகிற சலங்கையை எடுத்து அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். வயிறு உருண்டால் சலங்கை உருண்டது. வயிறு நடுங்கினால் சலங்கை மழை மாதிரி கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே ஆட்டம் தெரிந்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் சுருளியாண்டி அண்ணன் வாழைத் தோட்டத்துக்குள் புகுந்து வந்தார். பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. எங்கள் தொழிலில் சலங்கை என்றால் சாமி. கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலில் கட்டுவோம். அவிழ்த்தால் தரையில் போடமாட்டோம்.

“அவுரு. கால்ல கட்டுறத எந்தச் சிறுக்கி இடுப்புல கட்டுவா? அம்மன் மூஞ்சியில முழிக்க வேணாமா?”

“காலு ஆடுனப்ப காலுக்குக் கட்டுனோம்ணே. இப்ப வகுறு ஆடுது.”

“வாய மூடு.”

கையை நீட்டிக்கொண்டே நின்றார். அவள் அவிழ்த்துக் கொடுத்தாள். சலங்கை எல்லாமே செட்டுச் சொத்து, ஆட்டம் முடிந்தால் அவர் பெட்டிக்குத்தான் போகவேண்டும்; இது அவள் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தது. “பூசையன்னைக்கு யாருக்குக் குடுக்கணுமோ அவளுக்குக் குடுப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருளம்மாள் கரகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“ம், தலைய நிமுத்துக்கா. மறுபடி மொதல்ல இருந்து” என்றாள்.

மாசியில் கொட்டகை கம்பத்துக்கே வந்தது. அதே சுல்தான், அதே ராஜமணி. ஆர்மோனியக்காரர் எங்கேயோ நின்றுபோனாராம், மறுபடி எங்கள் செட்டுதான். பகலில் கொட்டகையில் ராஜமணி படச்சுருளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இருளம்மாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள்.

“தம்பி, அந்த ஆட்டக்காரி எந்த ஊரு? எம்புட்டு நாளாப் படிச்சிருப்பா? அந்த வேகத்துக்கு எனக்குப் பாதி உசுரு போயிருச்சு.”

ராஜமணி துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

“எந்த வேகத்துக்கு?”

“தேனியில ஆடுனாள்ல, அந்த வேகத்துக்கு.”

அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தான்.

“அக்கா, அது அவ ஆடுனதில்ல. நான் சுத்துனது. கைப்பிடிய நான் மெதுவாச் சுத்துனா அவ மெதுவா ஆடுவா, வெரசாச் சுத்துனா வெரசா ஆடுவா. தேனியில கொட்டாய்க்கு எடம் குடுத்த மண்டி முதலாளி, பொம்பளைக வந்து பாக்குற எடத்துல அந்த வகுத்தாட்டம் சட்டுன்னு முடியணும், இல்லேன்னா எடத்தக் காலி பண்ணுன்னு சொல்லிட்டாக. அதான் அவ வந்தவொடன தலைதெறிக்கச் சுத்துனேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “அடப்பாவி, நாசமாப் போக” என்று ஆரம்பித்து அவன் பாட்டன் வரைக்கும் போய்விட்டு வந்தேன். ஒரு மண்டிக்காரனுக்குப் பயந்து இவன் கையைச் சுற்றியதற்கு, ஒருத்தி மூன்று மாசம் மணலில் விழுந்து வாந்தி எடுத்திருக்கிறாள். சின்னக்கருப்பு விரல் புண்ணாகி அடித்திருக்கிறார். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். “இன்னைக்கு மொத ஆட்டத்துக்கு வாங்கக்கா. நெசமா எப்படியோ அப்படிக் காட்டுறேன்.”

காட்டினான். சின்னக்கருப்புக்குத் தவிலில் கை தடுமாறியது. அந்த ஆட்டக்காரி மெதுவாகத்தான் ஆடினாள். வயிறு எழும்பி, ஒரு கணம் நின்று, அங்கிருந்து நிதானமாக இறங்கியது. அவசரமே இல்லை. அவள் முகத்தில்கூட ஒரு சிரிப்பு இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். தேனியில் அதைப் பார்க்க எங்கே நேரம் இருந்தது?

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இருளம்மாள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். இத்தோடு இவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். என் தெரு முனையில் நின்றாள்.

“அப்ப, அந்த வேகத்துல இதுவரைக்கும் ஆருமே ஆடுனதில்லையாக்கா?”

“மனுசப் பெறவி ஆடுமாடி அந்த வேகத்துல?”

“நான் ஆடுறேனே.”

அவளே தொடர்ந்தாள். “மெதுவா ஆடுறதுதான் இனிப் படிக்கணும். அது ஒனக்கு நல்லா வரும். நாளைக்கு வெள்ளன வா.”

பங்குனிப் பொங்கல் அன்று காலையில் வாத்தியங்களை வரிசையாக வைத்துச் சுருளியாண்டி அண்ணன் பூசை போட்டார். பெட்டியைத் திறந்து சலங்கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றி, அத்தனையையும் என் கையில் கொடுத்தார். இருளம்மாள் கூடத்தான் நின்றாள். அவளுக்கு ஒரு மணிகூட இல்லை. எனக்குக் கை கூசியது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். ஒரு காலத்தில் நான் ஆசைப்பட்டது இதற்குத்தானே?

“நீ வண்டிகிட்ட உக்காரு ஆத்தா” என்றார் அவளிடம், நயமாகத்தான். அவள் தன் கரகத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்கிற நேரம். கோயில் வாசலில் சுண்ணாம்பு வட்டம். ஊர்ப் பெரியதனம் நல்லகண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தைச் சரிசெய்தார். ஆற்றில் பூங்கரகம் எடுத்துவிட்டார்கள் என்று ஆள் ஓடிவந்து சொன்னதும், சுருளியாண்டி அண்ணன் நாயனத்தை வாயில் வைத்தார். அம்மனை அழைக்கிற வாசிப்பு அது. ஒருமுறை ஆரம்பித்தால், அம்மன் வாசலுக்கு வந்து சேரும்வரை நாயனம் வாயிலிருந்து எடுக்கக்கூடாது. அப்படி ஒரு கட்டு அந்த ஊரில்.

நான் கரகத்தோடு வட்டத்தின் விளிம்பில் நின்றேன். ஒரு எட்டு வைத்தால் முதல் கரகம் நான். பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்தது. திரும்பிப் பார்க்கமுடியாது, தலையில் கரகம். கடைக்கண்ணுக்கே தெரிந்தது. மஞ்சள் சேலையை இறுக்கிக் கட்டி, தலையில் கரகமும் சலங்கையில்லாத வெறுங்காலுமாக இருளம்மாள் நின்றாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்று தெரியாது.

அவள் மூச்சை மேலே இழுத்து, கீழே விட்டு, உள்ளே உருட்டிப் பார்த்துக்கொண்டாள். தினமும் ஆற்றங்கரையில் செய்வதுதான். அவள் இழுத்தபோது என் வயிறும் தானாக இழுத்தது, விட்டபோது விட்டது. இந்த வயிற்றை எனக்குப் பழக்கியவளே அவள். அவளை ஓரத்தில் நிற்கவைத்துவிட்டு நான் உள்ளே போய்த் துள்ளினால், அந்த மாலை எனக்கு ஒட்டுமா?

“போடி. நீ முந்திப் போ” என்றேன்.

போனாள். நொண்டிக்கொண்டுதான் போனாள், கிளி நொண்டவில்லை. சுருளியாண்டி அண்ணனுக்குக் கண் இரண்டும் வெளியே வந்துவிட்டது. ஆனால் என்ன செய்வார்? வாயில் நாயனம். எடுத்துத் திட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கன்னம் புடைக்க வாசித்துக்கொண்டே கண்ணால் என்னை எரித்தார்.

வட்டத்தின் நடுவில் நின்று இருளம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள். கையை விரித்துக்கொண்டு, வயிறு எழும்பி, நின்று, இறங்கியது. எத்தனை நிதானம்! பக்கத்தில் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மற்றவர்களுக்கோ ஒன்றும் தெரியவில்லை.

“என்னப்பா, சும்மா நிக்கிறா?”

“காலு போச்சுல்ல. பாவம்.”

“துள்ளு ஆத்தா, துள்ளு!”

இளவட்டங்கள் விசிலடித்தார்கள். பின்வரிசையில் பெண்கள் வளையல் கடைப் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள். கூட்டத்தின் ஓரம் கரைவது கண்ணுக்குத் தெரிந்தது. நல்லகண்ணு என்னைப் பார்த்து, நீ உள்ளே போ என்று கையசைத்தார். இருளம்மாள் எதையும் கவனிக்கவில்லை. அவள்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல், அந்தத் திரையில் ஆடியவள் மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் திரைக்காரிக்குத்தான் ஏது சத்தம்? நாங்கள்தானே கீழே உட்கார்ந்து கொடுத்தோம்.

வட்டத்துக்குள் இறங்கினேன். அவளுக்கு முன்னால் போகவில்லை, ஒரு எட்டுத் தள்ளிப் பக்கவாட்டில், அவள் வயிறு தெரிகிற இடத்தில் நின்றேன். அது எழும்பும்போது குதிகாலைத் தூக்கினேன், இறங்கும்போது தட்டினேன். சலங்கை பேசியது. அவள் வயிறு உருண்டது, என் காலில் சலங்கை உருண்டது. மறுபடி உருண்டது. கூட்டத்தில் முதலில் என் காலைப் பார்த்தார்கள். பிறகு நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தார்கள். அவ்வளவுதான், எல்லார் கண்ணும் அவள் வயிற்றில் போய் நின்றது. விசில் நின்றது. வளையல் கடைக்குத் திரும்பிய பெண்கள் முன்னால் நின்றவர்களை இடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

சின்னக்கருப்பு தவிலை ஏற்றினார். தேனி வேகம். ராஜமணி பயந்து சுற்றிய வேகம். இருளம்மாள் அதைப் பிடித்தாள். வயிறு தனியாகத் துடித்தது, மேலே கிளி தூங்கியது. நான் வயிற்றால் என்றைக்கும் தொடமுடியாத வேகத்தைக் கால்களால் துரத்தினேன். தொடை எரிந்தது, நெஞ்சு அடைத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. எத்தனை பேர் அங்கே நின்றார்களோ, ஒரு இருமல் சத்தம் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் சுருளியாண்டி அண்ணன் நாயனத்தை எங்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அம்மன் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பூங்கரகத்தைத் தலையில் வைத்திருந்த பூசாரியே கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நல்லகண்ணு பார்த்துப் பதறி, “அம்மனுக்கு வழி விடுங்கப்பா” என்று கத்தினார். ஒருத்தர்கூடச் சிதறவில்லை. சிதற யாருக்கு நினைப்பு இருந்தது?

மாலை இருளம்மாள் கழுத்தில் விழுந்தது. எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வாங்க முடிந்த மாலை, நானே விட்டது. அதை அவள் கழுத்தில் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது. அறுந்த பிறகு மூச்சு நன்றாக வந்தது, அதையும் சொல்லவேண்டும்.

சுருளியாண்டி அண்ணன் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்தார்.

“சலங்கைய அவுரு.”

அவிழ்த்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இருளம்மாள் பக்கம் திரும்பினார்.

“இந்தா. அடுத்து ஓடைப்பட்டி. இடுப்புலயே கட்டிக்க.”

அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. மாலையை ஒதுக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி என்னிடம் வந்து காதருகே குனிந்தாள். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று நானும் காதைக் கொடுத்தேன்.

“நடுவுல பிந்திட்டக்கா. நாளைக்கு வெள்ளன ஆத்துக்கு வா.”

மறுநாள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஆற்றுக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து, கரகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.